வேகப்பந்து வீசும் சிறுவருக்கு முதுகுவலி: பெற்றோர் கவனத்திற்கு

வேகப்பந்து வீசும் உங்கள் பிள்ளை, அடிமுதுகில் ஒரு பக்கம் வலிக்கிறது என்றால், அதை வாயுப்பிடிப்பு எனக் கருதித் தைலம் தடவி மறுநாளே விளையாட அனுப்பாதீர்கள். வளரும் வயதில் அது முதுகெலும்பில் ஏற்படும் அழுத்த முறிவின் தொடக்கமாக இருக்கலாம். அணித் தேர்வு முடியட்டும் என்று வலியை மறைக்கும் சிறுவர்களும் உண்டு.

பந்தை வீசும் கணத்தில், ஊன்றும் முன்காலின் மீது உடல் எடையைப் போல் பல மடங்கு விசை இறங்குகிறது. அப்போது இடுப்பு ஒரு திசையிலும் தோள்கள் வேறு திசையிலும் திரும்பியிருந்தால் கீழ்முதுகு முறுக்கப்படுகிறது. வலக்கையால் வீசுபவருக்குப் பெரும்பாலும் இடப்புறமே முறிவு ஏற்படுகிறது. இடுப்பும் தோளும் ஒரே திசையில் அமைந்தால் முதுகின் சுமை குறையும். தலை பக்கவாட்டில் சாயாததால் பந்தைக் குறிபார்த்து வீசுவதும் எளிதாகும்.

ஆஸ்திரேலிய வீரர் டென்னிஸ் லில்லி 1973இல் இத்தகைய முறிவுக்குள்ளாகி, நீண்ட ஓய்வுக்கும் பயிற்சிக்கும் பின் மீண்டும் ஆடினார். பின்னாளில் சென்னை எம்.ஆர்.எஃப். வேகப்பந்துப் பயிற்சி மையத்தில் நம் இளைஞர்களுக்குக் கற்பித்தவரும் அவரே.

வீசும் ஓவர்களின் எண்ணிக்கையும் முக்கியம். இங்கிலாந்தில் 13 வயதுக்குட்பட்ட வேகப்பந்து வீச்சாளருக்குத் தொடர்ச்சியாக 5 ஓவர், நாளொன்றுக்கு 10 ஓவர் என வரம்பு வைத்துள்ளனர். காலையில் பள்ளி அணிக்கும் மாலையில் வறண்ட கண்மாயில் நண்பர்களுக்கும் வீசும் சிறுவனின் மொத்தக் கணக்கைப் பயிற்சியாளர் அறியமாட்டார்; வீட்டிலுள்ள நீங்களே எண்ண வேண்டும்.

பின்புறமாக வளையும்போது வலி கூடினால் பந்துவீச்சை உடனே நிறுத்தி, மதுரை அரசு இராசாசி மருத்துவமனையின் எலும்பு சிகிச்சைப் பிரிவிலோ அருகிலுள்ள அரசு மருத்துவமனையிலோ காட்டுங்கள். தொடக்கநிலை முறிவு எக்ஸ்ரேயில் தெரியாமல் போகலாம், எம்.ஆர்.ஐ. தேவைப்படலாம். பெரும்பாலும் ஓய்வும் உடற்பயிற்சியுமே சிகிச்சை. குணமாகச் சில மாதங்கள் ஆகும். சுளுக்கு எடுப்பதாக முதுகை முறுக்கிவிடுவதை அறவே தவிர்க்கவும். கால் மரத்துப்போனாலோ, இரவில் வலி நீடித்தாலோ, காய்ச்சல் சேர்ந்தாலோ தாமதமின்றி அழைத்து வாருங்கள்.