பேன் ஊறும் தலையும் பெரிய வார்த்தைகளும்

பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை உள்ள வீடுகளில், இரவு ஒன்பது மணிக்கு மேல் ஒரு ஜபம் நடப்பதுண்டு. "பென்யூரி என்றால் கொடிய வறுமை, பென்யூரி என்றால் கொடிய வறுமை" என்று பிள்ளை நூற்றெட்டு முறை உருவேற்றுகிறது. அமெரிக்க சர்வகலாசாலைகளில் மேல்படிப்புப் படிக்க விரும்புகிறவர்கள் ஜீ.ஆர்.ஈ. என்ற பரீட்சைக்காக ஆயிரக்கணக்கான இங்கிலீஷ் வார்த்தைகள் அடங்கிய ஜாபிதாக்களை வைத்துக்கொண்டு செய்யும் தவம் இது. மறுநாள் காலையில் காப்பி குடிக்கும்போது, "பென்யூரி என்றால் என்னடா?" என்று தகப்பனார் கேட்கிறார். பிள்ளை விழிக்கிறது. "இவனுக்கு ஞாபகசக்தியே கிடையாது" என்று தகப்பனார் தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்.

இந்தத் தீர்ப்பை நாம் ஒப்புக்கொள்வதற்கில்லை. எபிங்ஹாஸ் என்ற ஜெர்மன் அறிஞர், பொருளற்ற அசைகளை ஆயிரக்கணக்கில் தாமே மனப்பாடம் செய்து, எவ்வளவு மறந்துபோகிறது என்று பொறுமையுடன் கணக்கெடுத்து, 1885-ஆம் ஆண்டில் ஒரு நூலாக வெளியிட்டார். கற்றதில் பாதிக்கு மேற்பட்ட பலன் ஒரு மணி நேரத்துக்குள்ளேயே கரைந்துபோவதை அவர் கண்டார். மகா பண்டிதருக்கே இந்தக் கதியென்றால், பையனை மட்டும் கோபித்துக்கொள்வானேன்? பொருளோடு ஒட்டாத ஓசை எவர் மனத்திலும் தங்குவதில்லை. 'பென்யூரி' என்பது நம் வீட்டுப் பிள்ளைக்கு அப்படிப்பட்ட வெறும் ஓசைதான்.

அந்த ஓசைக்கு ஒரு கொக்கி மாட்டிவிட வேண்டும். 'பென்யூரி' என்பதைச் சற்று நீட்டிச் சொல்லிப் பாருங்கள். 'பேன் ஊறி' என்று காதில் விழவில்லையா? எண்ணெய் வாங்கக் காசில்லாத குடும்பம், பரட்டைத் தலை, தலையில் பேன் ஊறுகிறது. இந்தக் காட்சியை ஒரு தடவை மனத்தில் எழுதிப் பார்த்தவன், கொடிய வறுமை என்ற பொருளை மறப்பது கஷ்டம்.

இன்னும் சில பாருங்கள். 'மேலடி' என்றால் நோய். தென் ஜில்லாக்களில் உடம்பு சரியில்லாதவர்கள் "மேலுக்குச் சுகமில்லை" என்றுதானே சொல்கிறார்கள்? 'கஜோல்' என்றால் நயமாகப் பேசி வசப்படுத்துதல். கஜத்தின் காதோரம் நின்றுகொண்டு, வெல்லக் கட்டியைக் காட்டி, "வாடா ராஜா" என்று கொஞ்சுகிற பாகனை நினைத்துக்கொண்டால் போதும். 'மொரோஸ்' என்பவன் சிடுமூஞ்சி. மூன்று நாள் புளித்த மோரைக் குடித்தவன் முகம் எப்படியிருக்கும்? 'கேண்டர்' என்றால் ஒளிவுமறைவற்ற பேச்சு. கண்டார், கண்டதைக் கண்டபடி சொன்னார். 'மிட்டிகேட்' என்பதற்கோ யுக்தியே தேவையில்லை. மட்டுப்படுத்துதல் என்ற பொருள் நமது 'மட்டு' என்ற சொல்லிலேயே உட்கார்ந்திருக்கிறது.

இது வெறும் சிறுபிள்ளை விளையாட்டு என்று எண்ணுகிறவர்களுக்கு ஒரு கணக்குச் சொல்லுகிறோம். அமெரிக்காவில் ஸ்டான்போர்டு சர்வகலாசாலையில் ஆட்கின்ஸன் என்பவரும் அவருடைய கூட்டாளியும் ருஷ்ய பாஷை அறியாத மாணவர்களுக்கு, நாளொன்றுக்கு 40 வீதம் மூன்று நாளில் 120 ருஷ்ய வார்த்தைகளைக் கற்பித்து, முடிவை 1975-இல் வெளியிட்டார்கள். ருஷ்ய பாஷையில் மணிக்கு 'ஸ்வனோக்' என்று பெயர். அதன் கடைசியில் 'ஓக்' என்று ஒலிப்பதால், ஓக் மரத்தில் காய்களுக்குப் பதில் சின்னஞ்சிறு மணிகள் தொங்குவதாக மனத்தில் காண வேண்டியது. இந்த முறையில் கற்றவர்கள் நூற்றுக்கு 72 வார்த்தைகளுக்குப் பொருள் சொன்னார்கள். தம் இஷ்டப்படி படித்தவர்கள் சொன்னது 46. ஆறு வாரம் கழித்து முன்னறிவிப்பில்லாமல் மறுபடியும் கேட்டபோது, முன்னவர்கள் 43, பின்னவர்கள் 28. யுக்திக்காரர்களும் மறந்துதான் போனார்கள் என்பதைப் பிள்ளைகள் கவனிக்க வேண்டும். ஆனாலும் மற்றவர்களைவிட அதிக வார்த்தைகளை நினைவில் வைத்திருந்தார்கள்.

அந்த அமெரிக்க மாணவர்கள் கொக்கியைத் தங்கள் தாய்மொழியிலிருந்து எடுத்தார்கள் என்பது இங்கே முக்கியம். நம் நாட்டில் விற்கும் புத்தகங்களிலோ இங்கிலீஷ் வார்த்தையை ஞாபகம் வைக்க இன்னும் இரண்டு இங்கிலீஷ் வார்த்தைகளைக் கொடுக்கிறார்கள். கடனை அடைக்கக் கடன் வாங்குவது போலத்தான். பேனும் மோரும் பாகனும் நம் வீட்டிலேயே இருக்கும்போது வெளியே போவானேன்? இந்த வித்தை நமக்குப் புதிதும் அல்ல. பழைய திண்ணைப் பள்ளிக்கூடங்களில் பையன்கள் நிகண்டை மனப்பாடம் செய்தார்கள். மண்டலபுருடர் சூடாமணி நிகண்டை விருத்தப் பாவில் அமைத்தார். ஒரு சொல்லுக்குப் பல பொருள் கூறும் பதினோராம் தொகுதியை எதுகை வரிசையில் கட்டிவைத்தார். ஓர் எதுகை நினைவுக்கு வந்தால் அடுத்தது தானே பின்னால் வந்து நிற்கும்.

இனி, இந்த யுக்திகளில் உள்ள அபாயங்களையும் சொல்லிவிட வேண்டும். 'அவரிஸ்' என்றால் பேராசை. நமது 'அவா' அதில் அப்படியே இருக்கிறது. கொக்கிக்கு இதைவிட நல்லது கிடைக்காது. ஆனால் இங்கிலீஷ்காரன் இந்தச் சொல்லை நம்மிடமிருந்துதான் திருடினான் என்று கொடி பிடிக்கப் புறப்பட வேண்டாம். அது லத்தீன் பாஷையிலிருந்து வந்தது. நம் அவாவுக்கும் அதற்கும் உறவில்லை. நாம் உண்மையில் கொடுத்த கட்டுமரம், சுருட்டு, மிளகுத்தண்ணீர் எல்லாம் இங்கிலீஷ் அகராதியில் கௌரவமாக வீற்றிருக்கின்றன. அவை போதும்.

அடுத்த அபாயம் இங்கிலீஷுக்குள்ளேயே இருக்கிறது. 'நாய்ஸம்' என்ற சொல்லைக் கண்டதும் 'நாய்ஸ்' என்ற இரைச்சல் நினைவுக்கு வரும். அதன் பொருளோ குமட்டுகிற நாற்றம். 'எனர்வேட்' என்றதும் 'எனர்ஜி' கிடைத்துவிட்டதாகப் பிள்ளைகள் மகிழ்கிறார்கள். பலத்தை உறிஞ்சி ஓய்ந்துபோகச் செய்வதற்குத்தான் அந்தப் பெயர். 'மெரட்ரிஷஸ்' என்பதில் 'மெரிட்' ஒன்றும் இல்லை. அது போலிப் பகட்டு. இப்படித் தானாக வந்து மாட்டிக்கொள்ளும் கொக்கிகளை நம்பக் கூடாது. அகராதியைப் பார்த்துப் பொருளை நிச்சயம் செய்துகொண்ட பிறகே யுக்தியைத் தேட வேண்டும். உச்சரிப்பையும் அப்போதே கேட்டுக்கொள்வது நலம். இல்லாவிட்டால் பேட்டிக்குப் போன இடத்தில் 'பேன் ஊறி' என்றே சொல்லிவிட நேரும்.

இவற்றைவிடப் பெரிய சங்கடம் ஒன்று உண்டு. கொக்கி பொருளைப் பிடித்துத் தரும், பிரயோகத்தைத் தராது. 'மேலடி' நோய் என்று கற்ற பையன், பள்ளிக்கூடத்துக்கு எழுதும் விடுமுறைக் கடிதத்தில், 'எனக்கு மேலடி கண்டிருப்பதால்' என்று எழுதினால் உபாத்தியாயர் சிரிப்பார். சாதாரண ஜலதோஷத்துக்கு அந்தச் சொல் பொருந்தாது. தமிழில் "எனக்குப் பிணி கண்டிருக்கிறது, ஒரு நாள் ரஜா வேண்டும்" என்று எழுதுவது போலிருக்கும். பரீட்சை நடத்துகிறவர்களுக்கும் இது தெரிந்திருக்கிறது. 2011-ஆம் ஆண்டில் ஜீ.ஆர்.ஈ. பரீட்சையைத் திருத்தியமைத்தபோது, வார்த்தையைத் தனியாகக் கொடுத்து எதிர்ப்பதம் கேட்கும் கேள்விகளை எடுத்துவிட்டார்கள். இப்போது வார்த்தைகள் வாக்கியத்தின் நடுவே நின்றுகொண்டு, "இங்கே எனக்கு இடமுண்டா?" என்று கேட்கின்றன. ஜாபிதாவை மட்டும் ஜபித்தவர்கள் அங்கேதான் திண்டாடுகிறார்கள்.

ஆகையால் தினம் நாற்பது வார்த்தை என்ற பேராசையை விட்டுவிட்டு, நாலைந்து போதும் என்று வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொன்றுக்கும் பிள்ளையே யுக்தி கற்பிக்கட்டும். பிறர் செய்து கொடுத்த யுக்தி பிறர் செருப்பைப் போல் சில சமயம் பொருந்தும், சில சமயம் கடிக்கும். பின்னர் நல்ல எழுத்தாளர் ஒருவர் அந்த வார்த்தையை எப்படி வைத்திருக்கிறார் என்று தேடி, அந்த வாக்கியத்தைக் குறிப்புப் புத்தகத்தில் எழுதிக்கொள்ளட்டும். மறுநாள், மூன்றாம் நாள், ஒரு வாரம் கழித்து என்று இடைவெளி விட்டுப் பார்க்கட்டும். பக்கத்தை மூடிக்கொண்டு பொருளைச் சொல்லிப் பார்ப்பதே பார்வை; திறந்துவைத்துக்கொண்டு படிப்பது தாலாட்டுத்தான். பொருளைப் பார்த்து வார்த்தையைச் சொல்லும் பழக்கமும் வேண்டும். அது முன்னதைவிடக் கடினம் என்றாலும், எழுதும்போது உதவுவது அதுதான்.

தாயார், தகப்பனார், பாட்டி எல்லோரும் இதில் கலந்துகொள்ளலாம். இங்கிலீஷ் தெரியாத பாட்டிமார்களே இதில் கெட்டிக்காரர்கள் என்பது நமது அபிப்பிராயம். வார்த்தையை வெறும் ஓசையாகக் கேட்கும் காது அவர்களுக்குத்தானே இருக்கிறது? இன்றிரவு அவர்களிடம் 'லொக்வேஷஸ்' என்ற சொல்லைக் கொடுத்துப் பாருங்கள். ஓயாமல் பேசுகிறவர் என்று பொருள். 'லொட லொட' என்று பாட்டி உடனே சொல்லிவிடுவாள். வீட்டில் அந்தப் பட்டம் யாருக்கு என்பதைப் பற்றி எழும் சச்சரவுக்கு நாம் ஜவாப்தாரியல்ல.