மண்ணில் கிடைத்த கைக்கடிகாரத்தின் வயது

கோடையில் மேட்டூர் அணை நீர் இறங்கும்போது பண்ணவாடியில் நந்தி சிலையும் பழைய தேவாலயக் கோபுரமும் வெளியே தெரிவதைச் சேலம், நாமக்கல் பகுதியினர் அறிவர். அந்தச் சேற்றில் ஒரு கைக்கடிகாரம் கிடைத்தால், அணை 1934இல் கட்டி முடிக்கப்பட்டது, ஆகவே கடிகாரம் அதற்கு முற்பட்டது என்றே பலரும் சொல்வர். நான் ஒப்பமாட்டேன். 1980இல் பரிசலில் சென்றவர் கையிலிருந்து அது நழுவியிருக்கலாம். வயலிலும் அப்படித்தான், ஏர் உழுத மண்ணில் ஆழத்தை நம்ப முடியாது. வயதைக் கடிகாரத்தின் உடலில்தான் தேட வேண்டும்.

நாம் முதலில் பார்ப்பது டயலில் உள்ள பெயரை. ஆனால் பழைய டயலுக்குப் புதுவண்ணம் பூசி விற்பது நம் நாட்டில் ஒரு தொழிலாகவே நடக்கிறது. பெயர் உண்மையானது என்றாலும் அது தருவது ஓர் எல்லை மட்டுமே. ‘வெஸ்ட் எண்ட்’ கடிகாரங்கள் 1886 முதல் பம்பாயில் விற்கப்பட்டவை. குதிரைவீரனைக் குறிக்கும் ‘சோவார்’ என்ற அதன் வகை, முதல் உலகப்போரில் இந்தியச் சிப்பாய்களிடம் புகழ்பெற்றது. அந்தப் பெயர் பல பத்தாண்டுகள் நீடித்ததால், அதை மட்டும் கண்டு போர்க்காலப் பொருள் என்று முடிவுகட்ட இயலாது. எச்.எம்.டி. என்றிருந்தால் கணக்கு எளிது: ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத் துணையுடன் பெங்களூரில் உற்பத்தி தொடங்கியது 1961இல்தான். பேட்டரியில் ஓடும் குவார்ட்ஸ் என்றால், உலகின் முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரமே 1969 டிசம்பரில் வந்தது. அவற்றைப் பின்னாளில் டைட்டன் செய்த ஓசூர், 1965 வரை சேலம் மாவட்டத்தில் இருந்த ஊர் என்பதையும் இங்கே சொல்லத் தோன்றுகிறது.

பட்டை கோக்கும் கம்பி, உடலோடு பற்றவைக்கப்பட்டிருந்தால் முதல் உலகப்போரை ஒட்டிய ஆண்டுகளை எண்ணலாம். சமநிலைச் சக்கரத்தின் மீது யாழ் வடிவச் சிறு வில் தெரிந்தால் அது அதிர்ச்சி தாங்கும் ‘இன்காபிளாக்’. 1930களின் நடுவில் வந்தது. இவற்றையெல்லாம்விட நான் மதிப்பது பின்மூடியின் உட்புறம். பழுதுபார்த்தவர்கள் தம் அடையாளத்தையும் சில வேளை தேதியையும் அங்கே ஊசியால் கீறிவைப்பர். மாற்றப்பட்ட டயலைவிட அந்தக் கிறுக்கல் நம்பகமானது. கடிகாரம் அந்தத் தேதி வரையேனும் மண்ணுக்கு மேலே ஒருவர் கையில் இருந்தது என்பதற்குச் சாட்சி அது.

அந்தச் சாட்சியைத்தான் நாம் புளி போட்டுத் தேய்த்து அழிக்கிறோம். பித்தளைச் செம்புக்கு ஏற்ற வைத்தியம் கடிகாரத்துக்கு ஏற்றதன்று. அதில் ஆபத்தும் உண்டு. 1960கள் வரை பல கடிகாரங்களில் எண்களும் முட்களும் இருட்டில் ஒளிர ரேடியம் பூசப்பட்டது. இன்று ஒளிராதது கண்டு அஞ்சத் தேவையில்லை என்று எண்ணலாகாது. மங்கியது உடன்கலந்த துத்தநாக சல்பைடு மட்டுமே. ரேடியத்தின் வீரியம் பாதியாகக் குறைய ஏறத்தாழ 1,600 ஆண்டுகள் ஆகும். பொடியாக உதிரும் அந்தப் பூச்சு மூச்சிலும் வாயிலும் போகக் கூடாது. கண்ணாடி உடைந்திருந்தால் சுரண்டாமல், ஊதாமல் மூடிய டப்பாவில் வைத்து, பழைய கடிகாரங்களில் கைதேர்ந்த ஒருவரிடம் கொடுப்பதே முறை. பின்மூடியைத் திறந்ததும், துடைப்பதற்கு முன் உட்புறத்தைப் படமெடுத்துத் தருமாறு அவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.