எண்ணூர் கழிமுகம்: இறாலுக்கும் வெள்ளத்துக்கும் ஒரே வழித்தடம்

வழித்தடம் என்றதும் யானைதான் நினைவுக்கு வரும். வடசென்னையில் அது இறாலும் வெள்ளநீரும் போய்வரும் பாதை.

கொசஸ்தலை ஆறு எண்ணூரில் கடலைச் சேர்கிறது. அங்கிருந்து வடக்கே உப்பங்கழிகளும் பக்கிங்ஹாம் கால்வாயும் பழவேற்காடு ஏரிவரை நீள்கின்றன. ஓதம் ஏறும்போது உள்ளே வரும் இறால் குஞ்சுகளுக்கு அலையாத்தி வேர்களே நாற்றங்கால்.

அனல்மின் நிலையச் சாம்பல் படிந்ததாலும், கழிகளை மேடாக்கியதாலும் இந்தப் பாதை சுருங்கிவிட்டது. கழிமுகத்தை மீட்க 2022-ல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்டது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு வந்த எண்ணெய், அலையாத்திகளிலும் படிந்தது.

எதை முதலில் காப்பது? ஒவ்வொரு இடமும் தரும் பயனைக் கணக்கிட வேண்டும்: மீன்வளம், வெள்ள வடிகால், புயல் தடுப்பு. 1997-ல் ராபர்ட் கான்ஸ்டன்சா குழு, உலகம் முழுவதும் இயற்கை தரும் இத்தகைய சேவைகளை ஆண்டுக்கு 33 லட்சம் கோடி டாலர் என மதிப்பிட்டது. அடுத்து, பயன்மிக்க இடங்களை இணைக்கும் ஓடைகளைக் குறிக்க வேண்டும். வாய்க்காலில் ஓரிடம் அடைபட்டால் கடைமடை காய்வதுபோல, சிறு ஓடை தூர்ந்தாலும் அதற்கப்பால் உள்ள அலையாத்திக்கு ஓதம் எட்டாது.

முகத்துவாரம் தூர்ந்தால் ஆற்றோர வயல்களிலும் வெள்ளம் வடியத் தாமதமாகும். நிலத்தின் விலையை மட்டும் பார்க்கும் திட்டத்தில் மீனவர் வலையும் மீஞ்சூர் வயலும் கணக்கில் வராது.