கடைசி மூன்று எழுத்து

‘பேராவூரணி’ என்பதில் எத்தனை எழுத்து? பே, ரா, வூ, ர, ணி. ஐந்து. இரண்டாம் வகுப்புப் பிள்ளையே சொல்லிவிடும். ஆனா கணினி ஒன்பது என்கிறது. யூனிகோடில் ‘பே’ என்றால் ப ஒரு குறியீடு, இரட்டைக்கொம்பு இன்னொரு குறியீடு. துணைக்கால், புள்ளி எல்லாத்துக்கும் இப்படித் தனிக்கணக்குதான். யூடிஎஃப்-8 முறையில் பைட்டாக எண்ணினால் 27 ஆகிவிடும்.

இணையப் படிவங்களில் ‘இத்தனை எழுத்துகளுக்குள் எழுதவும்’ என்று போடுகிறார்களே, அந்த எழுத்து இதில் எது? பெரும்பாலும் குறியீட்டைத்தான் எண்ணுகிறார்கள். ஆங்கிலத்துக்கு எப்படி எண்ணினாலும் ஒரே விடை வரும், அதனால் எழுதினவருக்கு இந்தச் சந்தேகமே வந்திருக்காது.

இதில் என்ன கெட்டுப்போச்சு என்று கேட்கலாம். பேராவூரணி கல்லணைக் கால்வாயின் கடைமடைப் பகுதி. அங்கிருந்து ஒரு விவசாயி மனு எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம்: “கடைமடை வரை தண்ணீர் வந்ததாகச் சொல்வது உண்மையில்லை”. இடைவெளியும் சேர்த்து நம்ம கண்ணுக்கு இது 31. கணினிக்கு 48. எல்லை 42-இல் முடிந்து, மீதியைப் படிவம் சத்தமில்லாமல் வெட்டிவிட்டால் போய்ச் சேர்வது இதுதான்: “கடைமடை வரை தண்ணீர் வந்ததாகச் சொல்வது உண்மை”. போனது மூன்றே எழுத்து, மனு அப்படியே தலைகீழ். தமிழில் வினையும் மறுப்பும் வாக்கியத்தின் வாலில் உட்கார்ந்திருக்கின்றன. அதனால் வாலை வெட்டுவது நமக்கு ஆபத்து அதிகம்.

வெட்டு நடக்கிற இடங்கள் இரண்டு. ஒன்று உலாவி. பெட்டிக்கு ‘மேக்ஸ்லெங்த்’ வைத்திருந்தால், வேறெங்கோ தட்டச்சு செய்து கொண்டுவந்து ஒட்டும்போது மிச்சத்தை அது விழுங்கிவிடும், ஒரு வார்த்தை சொல்லாது. இன்னொன்று தரவுத்தளம். மைஎஸ்க்யூஎல் கண்டிப்பு முறையில் இயங்காவிட்டால், நீளமான உரையை வெட்டிச் சேமித்துவிட்டு ஒரு எச்சரிக்கையை மட்டும் உள்ளே குறித்துக்கொள்ளும். 5.7 பதிப்பிலிருந்துதான் கண்டிப்பு முறை இயல்பாகவே வருகிறது. இது போக ஒரு சில்லறைத் தொல்லையும் உண்டு. புதுவரிக்கு நீங்க தட்டுவதை உலாவி ஒன்று என்று எண்ணும், அனுப்பும்போது அது இரண்டாகப் போகும். பெட்டி ‘சரி’ என்ற உரையை சர்வர் ‘நீளம்’ என்று திருப்பியனுப்புவது இதனால்தான்.

எல்லையே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. சில எல்லைகள் கம்பியின் அளவால் வந்தவை. எஸ்எம்எஸ்ஸில் இருப்பது 140 பைட். ஆங்கிலம் 160 எழுத்து போகும், தமிழ் 70 குறியீடுதான். அதை யாரும் மாற்ற முடியாது. ட்விட்டரின் 140 அப்படி இல்லை, 2017 நவம்பரில் 280 ஆக்கினார்கள், உலகம் அழியவில்லை.

நல்ல உதாரணம் அரசாங்கத்திடமே இருக்கிறது. மத்திய அரசின் 2012 தகவல் உரிமை விதிகள், விண்ணப்பம் சாதாரணமாக 500 சொல்லைத் தாண்டக்கூடாது என்கின்றன. கூடவே, தாண்டிவிட்டது என்பதற்காக மட்டும் நிராகரிக்கக்கூடாது என்றும் சொல்கின்றன. இணைய விண்ணப்பப் பெட்டியில் 3000 எழுத்து எல்லை. அதற்கு மேல் போனால் கோப்பாக இணைக்கலாம். வரம்பும் இருக்கு, வடிகாலும் இருக்கு.

படிவம் செய்பவர் செய்ய வேண்டியது அதிகமில்லை. தட்டச்சைத் தடுக்காமல் ஓடவிட்டு, எல்லை தாண்டிய பகுதியை நிறம் மாற்றிக் காட்டினால் போதும், எதை வெட்டுவது என்று எழுதினவரே பார்த்துக்கொள்வார். சர்வர் மறுத்தால், எழுதியதைப் பெட்டியில் அப்படியே வைத்துத் திருப்பித் தரணும். கண்ணுக்குத் தெரியும் எழுத்தை எண்ண ‘இன்ட்ல்.செக்மென்டர்’ குரோமில் 2020 முதலும் ஃபயர்ஃபாக்ஸில் 2024 முதலும் இருக்கிறது. அதுக்கு ‘பேராவூரணி’ ஐந்துதான். ‘க்ஷ’வை மட்டும் இரண்டாக எண்ணும், அதைப் பொறுத்துக்கொள்ளலாம்.