மலத்துல மேட்டர் இருக்கு பாஸ்!

புதன்கிழமை காரியாபட்டியில தடுப்பூசி போடுற இடத்தை எட்டிப் பாருங்க. ஆறு வாரக் குழந்தை வாயில மருந்து விடுவாங்க. 'போலியோதானே?'னு கேட்டா, பாதி மார்க்தான்! கூடவே ரோட்டா வைரஸுக்கும் தர்றாங்க. வயித்தால போகவெச்சு, பிஞ்சு உடம்புல தண்ணியே இல்லாம வத்தவைக்கிற வில்லன் அது.

இந்த வில்லனைத் துரத்தினவர்தான் டாக்டர் ககன்தீப் காங். சிம்லாவுல பிறந்து, வேலூர் சி.எம்.சி-யில எம்.பி.பி.எஸ் முடிச்சவர். சொந்தமா கிளினிக் போட்டு செட்டிலாகாம, மைக்ரோபயாலஜி பக்கம் போயிட்டார். 2002-ல இவரோட டீம் வேலூர் குடிசைப் பகுதிகள்ல இறங்குச்சு. 373 குழந்தைகளைப் பிறந்ததுல இருந்து மூணு வயசு வரை தொடர்ந்து பார்த்தாங்க. வாரத்துக்கு ரெண்டு தடவை வீட்டுக்கே விசிட். ரெண்டு வாரத்துக்கு ஒருக்கா மல சாம்பிள். (முகத்தைச் சுளிக்காதீங்க, மேட்டரே அதுலதான் இருக்கு!)

மெக்ஸிகோவுல ரெண்டு தடவை ரோட்டா தொத்திட்டா, அப்புறம் கடுமையா வர்றதில்லைனு ஏற்கெனவே கண்டுபிடிச்சிருந்தாங்க. வேலூர்லயோ மூணு தடவை தொத்தின பிறகும் 79 சதவிகிதம்தான் பாதுகாப்பு. 2011-ல வெளியான ரிசல்ட் இது. அப்போ, வெளிநாட்டுல ஜெயிச்ச தடுப்பு மருந்து இங்கேயும் அதே மார்க் வாங்கும்னு எப்படி நம்புறது?

அதனால, டெல்லியில கிடைச்ச வைரஸ்ல இருந்து தயாரான 'ரோட்டாவாக்' மருந்தை டெல்லி, புனே, வேலூர்னு 6,799 குழந்தைகள்கிட்ட சோதிச்சாங்க. வேலூர் பொறுப்பு காங்குக்கு. முதல் வருஷத்துல கடுமையான ரோட்டா வயிற்றுப்போக்கைச் சுமார் 56 சதவிகிதம் குறைச்சுது. நம்ம செமஸ்டர் கணக்குல ஜஸ்ட் பாஸ்! ஆனா, லட்சக்கணக்கான குழந்தைங்க ஆஸ்பத்திரியில படுக்குற நாட்டுல இது டிஸ்டிங்ஷன். 2017-ல தமிழ்நாட்டுலயும் இலவசமா வந்துடுச்சு. 2019-ல லண்டன் ராயல் சொசைட்டி காங்கைத் தேர்ந்தெடுத்துச்சு. அந்தப் பெருமை பெற்ற முதல் இந்தியப் பெண் இவர்தான்.

அக்கா குழந்தை வீட்டுக்கு வந்திருக்கா? தடுப்பூசி கார்டை எடுங்க. 6, 10, 14-வது வாரத்துக்கு நேரா ரோட்டா கட்டத்துல தேதி எழுதியிருக்கானு பாருங்க.