கீறல் விழுந்தால்தான் மதிப்பு!

வாஞ்சி மணியாச்சி ஜங்ஷன். தூத்துக்குடி ரயில் வழக்கம்போல லேட். பக்கத்தில் அண்ணாச்சி. துறைமுகத்தில் கிளார்க்காக இருந்து ரிடையர் ஆனவர். பழைய கைத்துப்பாக்கிப் படங்களை ஆல்பமாகச் சேர்க்கிறார். (படம் மட்டும்தான் ஸார், நிஜத்துக்கு லைசென்ஸ் வேண்டும்!)

"இங்கதான்வே, 1911 ஜூன் 17-ல வாஞ்சிநாதன் கலெக்டர் ஆஷைச் சுட்டாரு. பெல்ஜியத்துல செஞ்ச பிரௌனிங்" என்று ஆல்பத்தைத் திறந்தார்.

அமெரிக்கரான ஜான் பிரௌனிங் டிசைன் போட, பெல்ஜியத்தின் எர்ஸ்டாலில் எஃப்.என். கம்பெனி தயாரித்தது. அதே கம்பெனி 1935-ல் கொண்டு வந்தது 'ஹை பவர்'. 13 குண்டு பிடிக்கும். 1940 மே மாதம் ஜெர்மானியர்கள் ஃபேக்டரியைப் பிடித்தார்கள். வேடிக்கை அதற்கப்புறம்தான்.

முதலில், ஸ்டாக்கில் கிடந்த பெல்ஜிய உதிரி பாகங்களை மாட்டினார்கள். பளபள பாலிஷ். தூரத்துக்குத் தகுந்தபடி ஏற்றி இறக்கும் குறி. தோளில் அணைத்துச் சுட மரக்கட்டை மாட்டுவதற்குப் பிடியின் பின்னால் ஒரு காடி. கொஞ்ச நாளில் காடியைக் காணோம். பிறகு ஏற்றி இறக்கும் குறி போய், அசையாத குறி வந்தது. ஜெர்மன் ஆய்வு முத்திரையும் 613, 103, 140 என்று மாறியது. கடைசியில் பாலிஷும் போச்சு! மெஷின் கீறல் அப்படியே தெரியும்.

"காஸ்ட் கட்டிங்!" என்றது என் பி.காம். மூளை.

"காசு மட்டுமில்லவே, நேரம். சண்டை துரத்துதுல்லா!"

இன்னொரு பக்கம், தப்பித்து வந்த எஃப்.என். பொறியாளர்களின் உதவியோடு கனடாவில் இங்கிலிஸ் கம்பெனி அதே ஹை பவரைச் செய்தது. சீனா கேட்டதில் ஏற்றி இறக்கும் குறியும் காடியும் உண்டு; கனடா ராணுவத்துக்கு அசையாத குறி. போர் முடிந்ததும் அதே கம்பெனி வாஷிங் மெஷின் செய்யப் போய்விட்டது! நம்ம இஷாப்பூரில் தயாரான 9 எம்.எம். பிஸ்டல் அந்தக் கனடாக்காரருக்குச் சொந்தம்தான்.

"கீறலைத் தேய்ச்சுப் பாலிஷ் போட்டா நல்ல விலை வருமா அண்ணாச்சி?"

"கெட்டுது போ! விலை விழுந்துரும். கீறல்தான்வே அதுக்குப் பிறந்த சர்டிபிகேட்."

ஆல்பத்தின் முதல் பக்கம் மட்டும் காலி. மேலே பென்சிலில் 'மணியாச்சி' என்று எழுதியிருந்தது.

"அதே கம்பெனிப் படம் ஒண்ணு ஒட்டிரலாமே?"

"ஒட்டலாம். ஆனா அது வாஞ்சி கையில இருந்தது இல்லையே. அந்தப் புள்ளைக்கு வயசு 25தான். ஆஷைச் சுட்டுட்டு, அதே துப்பாக்கியால தன்னையும் முடிச்சுக்கிட்டான்."

ரயில் வந்தது. பளபளப்பான படங்களையெல்லாம் வேகமாகப் புரட்டி மூடினார் அண்ணாச்சி. அந்தக் காலிப் பக்கத்தை மட்டும் ஒருமுறை தடவிவிட்டு.