துருவேறிய இரும்பும் வெட்டுஞ் சுடரும்

ஜொகூர் நீரிணையை அடுத்துள்ள நகர் பெர்மாஸ் ஜெயா. அதன் கிழக்கே பாசிர் கூடாங்கில் துறைமுகமும் கப்பல் பட்டறையும் தொழிற்சாலைகளும் உள்ளன. கடற்காற்றும் மிகுந்த மழையும் உடைய இப்பகுதியில் வெட்டவெளியிற் கிடக்கும் இரும்பு விரைவில் துருவேறிவிடும். அத்தகைய இரும்பைக் ‘கட்டிங் டார்ச்’ கொண்டு வெட்டுவோர் ஒரு விந்தையைக் காண்பர். புதிய தகடு வாழைத்தண்டுபோல் எளிதில் துண்டுபடும். அதே கனமுள்ள பழைய தகடோ படபடவென வெடித்துப் பொறி சிதறுமேயன்றி வெட்டுப்படாது. கருவியும் ஒன்றே, கையும் ஒன்றே. வேறுபாடு எதனால் நேர்ந்தது? இதனை ஈண்டு ஆராய்வோம்.

சுடர் இரும்பை உருக்கி அறுக்கிறது என்றே பலரும் எண்ணுவர். அது பொருந்தாது. அக்கருவியின் நுனியில் ‘நாசில்’ என்னும் முனை உளது. அதன் நடுவில் ஒரு துளையும், அதனைச் சூழச் சிறு துளைகளும் அமைந்திருக்கும். சூழ்ந்த துளைகளில் அசெட்டிலீனும் ஆக்சிஜனும் கலந்து எரியும். இச்சுடரின் வெப்பம் ஏறத்தாழ 3,100 பாகை செல்சியசு. ஆயினும் இதன் பணி இரும்பைச் சூடேற்றுவதே. இரும்பு உருகுவதற்கு 1,538 பாகை வேண்டும். தூய ஆக்சிஜனில் பற்றி எரிவதற்கோ ஏறத்தாழ 900 பாகையே போதும். இரும்பு நன்கு சிவந்ததும் தொழிலாளி விசையை அழுத்துவார். நடுத்துளையினின்று தூய ஆக்சிஜன் பீறிட்டு வரும். அக்கணமே இரும்பு தானே விறகாகி எரியத் தொடங்கும். எரிந்தது கிட்டமாய் உருகிக் கீழே வழியும். ஆகவே, வெட்டுதல் என்பது ஒரு குறுகிய கோட்டில் இரும்பை எரித்தலே ஆகும். பிரான்சு நாட்டு அறிஞர் லெ சாத்தலியே 1895-இல் இச்சுடரின் மிகுவெப்பத்தை அறிவித்தார். 1903-இல் ஃபூஷே, பிக்கார் என்னும் இருவர் அதற்கேற்ற கருவியைச் சமைத்தனர்.

இனி, துரு யாது எனக் காண்போம். இரும்பு காற்றிலுள்ள ஆக்சிஜனோடும் நீரோடும் கூடி மாறிய பொருளே துரு. அடுப்பில் நொடியில் நிகழும் எரிதலைப் போன்றதொரு மாற்றம், ஈரக்காற்றில் ஆண்டுக்கணக்கில் நிகழ்ந்திருக்கிறது. துரு முன்னரே எரிந்துபோன இரும்பு எனலாம். சித்த மருத்துவர் இரும்பைப் புடமிட்டு ஆக்கும் அயச்செந்தூரமும் இவ்வினத்தைச் சார்ந்ததே. செந்தூரமானது மீண்டும் எரியுமோ? சாம்பலில் தீ மூட்ட இயலாதவாறு போலத் துருவிலும் தீ மூட்ட இயலாது. அன்றியும், அது வெப்பத்தை நன்கு கடத்துவதில்லை. அதனுள் அடங்கிய நீர் சூடேறி ஆவியாகுங்கால் துருச்செதில்கள் வெடித்தெழுந்து நாசிலின் துளைகளை அடைக்கும். சாயத்தின் இயல்போ வேறு. அது எரியும், ஆனால் புகைந்தும் கொப்புளித்தும் சுடருக்கும் இரும்புக்கும் இடையே திரையாய் நிற்கும்.

இவ்வுண்மை விளங்கின், கோளாறு நீக்கும் வழியும் விளங்கும். வெட்டுப்படாதபோது ஆக்சிஜனைக் கூட்டித் திறப்பதே பலரின் வழக்கம். அதனால் பயன் இல்லை. மிகுந்த காற்றோட்டம் இரும்பைக் குளிரச் செய்யும். வெட்டுக்கோட்டையும் அகலமாக்கிக் கெடுக்கும். முதலில் சுடரை அணைத்துவிட்டு, வெட்டவேண்டிய கோட்டின் இருமருங்கும் ஓரங்குல அளவுக்கேனும் துருவைச் சுத்தியலால் தட்டி உதிர்த்துக் கம்பித் தூரிகையால் தேய்க்க வேண்டும். தகட்டின் ஓரத்தில் தொடங்குதல் நன்று. உளியால் ஒரு சிறு பிசிறு எழுப்பிக்கொள்வதும் உண்டு. மெல்லிய பிசிறு விரைவிற் சிவந்து தீப்பற்றும்.

வெட்டு இடையில் நின்றுவிடின், பொறிகளை நோக்குக. அவை தகட்டின் கீழே பாய்ந்தால் வெட்டு ஊடுருவுகிறது என்பது பொருள். மேலே திரும்பித் தெறித்தால் ஊடுருவவில்லை. உடனே விசையை விட்டு, நின்ற இடத்தை மீண்டும் சிவக்கச் செய்து, முன்னினும் மெதுவாய் நகர்த்துக. நாசிலின் சுடர்க்கூம்புகள் கோணலாயின் துளை அடைபட்டுள்ளது என அறிக. அணைத்து ஆறவிட்டு, அதற்குரிய ஊசியால் துப்புரவு செய்தல் வேண்டும். இரண்டு தகடுகள் ஒட்டிக் கிடந்து, நடுவே துரு படிந்திருப்பின் மேல்தகட்டோடு வெட்டு நின்றுவிடும். அவற்றைத் தனித்தனியே வெட்டுதலே முறை.

இதுகாறும் கூறியது வேலையின் செம்மை பற்றியது. இதனினும் பெரிது உயிர். பழைய கப்பல்களிலும் பாலங்களிலும் துருவைத் தடுக்கப் பூசப்பட்ட செந்நிறப் பூச்சு பெரும்பாலும் ஈயச் செந்தூரமே. சுடர் பட்டால் ஈயம் புகையாகி மூச்சில் கலக்கும். குருதியிலும் நரம்பிலும் கேடு விளைக்கும். உடையில் படிந்த துகள் வீட்டிலுள்ள குழந்தையையும் சாரும். துத்தநாகம் பூசிய இரும்பின் வெண்புகை, சில மணி நேரத்தில் குளிரும் காய்ச்சலும் உண்டாக்கும். அடைபட்ட இடத்தில் நச்சுப்பூச்சினைச் சூடுபடும் இடத்திலிருந்து குறைந்தது 4 அங்குலத்துக்கு நீக்க வேண்டும் என்பது அமெரிக்கத் தொழிற்பாதுகாப்பு விதி. சாயத்தைச் சுடராலேயே எரித்துப் போக்கலாம் என எண்ணுதல் நஞ்சைத் தானே மூட்டி உண்பதாகும்.

மேற்புறம் தூயதாயினும் மறுபுறம் யாது உளது என்பதையும் அறிதல் வேண்டும். நீரிணைக்கு அப்பால் சிங்கப்பூரின் ஜூரோங்கில், 1978 அக்டோபர் 12-ஆம் நாள், பழுதுபார்க்கப்பட்டுக்கொண்டிருந்த ‘ஸ்பைரோஸ்’ என்னும் கிரேக்க எண்ணெய்க் கப்பல் வெடித்தது. 76 பேர் மாண்டனர். எரிபொருள் தொட்டியில் நிறைந்திருந்த ஆவியை வெட்டுஞ் சுடரின் பொறி பற்றவைத்தது என விசாரணையில் கண்டனர். தொட்டியையும் குழாயையும் துப்புரவாக்கி, உள்ளிருக்கும் காற்றைக் கருவியால் சோதித்த பின்னரே சுடர் ஏற்றுதல் வேண்டும் என்பதன் காரணம் இதுவே.

சுரண்டும் கால் மணி நேரத்தை வீண் என்று எண்ணுவாருளர். அஃது வீணன்று. எரியும் இரும்பு எது, எரிந்து முடிந்த இரும்பு எது, எரியக்கூடாதது எது எனப் பிரித்தறியும் காலம் அதுவே. அறிவியல் பாடத்தில் ‘எரிதல்’ கற்பிக்கும் ஆசிரியர் ஒரு துருப்பிடித்த ஆணியை மாணாக்கர் கையில் கொடுத்து இதனை விளக்கலாம். நாளை அவர்களுள் ஒருவன் பட்டறையில் சுடரைக் கையில் ஏந்தக்கூடும் அன்றோ?